கறுத்தக்கொழும்பான் என்று சொல்லப்பட்ட மரம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் நாங்கள் வாங்கிய வளவைப் பற்றி, விற்றவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் சொன்ன முதல் வசனம், "பூங்காவனம் மாதிரி இருக்கும்" என்பது. நேரில் போய்ப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, கலியாணம் முடிந்து ஒரு கிழமையாகக் கூட்டாமல் விட்ட மண்டபம். அலங்காரம் எல்லாம் இருந்தது. வாடியும் சரிந்தும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறியும் இருந்தது. படலையைத் தள்ளினால் கடதாசிப்பூக் கொடி ஒன்று முள்ளோடு வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். சட்டை கிழிந்தது.

முப்பது வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தவன் நான். அங்கே என்னுடைய விவசாயம் ஜாம் போத்தலுக்குள் வளர்ந்த ஒரு மணிபிளான்ற். தண்ணீர் இருந்தால் போதும், தானே வளரும் என்று எல்லோரும் நம்புகிற அந்தச் செடியை நான் இரண்டு முறை சாகடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏன் நாலு பரப்புக் காட்டை வாங்கினான் என்று கேட்பீர்கள். ஓய்வூதியம் தொடங்கியதும் எங்கள் ஆண்களுக்கு வருகிற ஒரு வருத்தம் அது. சிலர் கோயில் நிருவாகத்துக்குள் நுழைந்து மற்றவர்களோடு வழக்குப் பேசுகிறார்கள். சிலர் முகநூலில் கவிதை எழுதுகிறார்கள். நான் காணி வாங்கினேன். மூன்றிலும் மனைவிமார் படுகிற பாடு ஒன்றுதான்.

என் மனைவிக்கு வர விருப்பமில்லை. வெள்ளவத்தையிலேயே மகளின் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஆயத்தமாக இருந்தது. கடல் காற்று வரும் அறை. அதை விட்டுவிட்டு வரச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், விற்றவர் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி: கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா நிற்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கையில் கிடைத்தால் என் மனைவி கத்தியும் தட்டும் தேடமாட்டாள். நின்ற நிலையிலேயே தோலை உரித்துத் தின்பாள். முழங்கை வரை வழியும். அந்த நேரம் நான் பேசினால் காதில் விழாது. கொழும்புக் கடைகளில் யாழ்ப்பாணத்து மாம்பழம் என்று சொல்லி விற்றவற்றைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் இதை ஒருவரும் அச்சிடமாட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, அது கறுத்தக்கொழும்பான்தானோ? வடிவாப் பாத்தனீங்களோ?" என்று அவள் கேட்டாள்.

"பாத்தது மட்டுமில்லை. இலையைக் கசக்கி மணந்தும் பாத்தனான்."

நான் மணக்கவில்லை. மணக்கிற தூரத்துக்குப் போகவே இல்லை. எனக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குப் பற்றை. வீட்டு வாசலில் நின்றபடி மரத்தின் உச்சியை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பியவன் நான். மரத்தின் உச்சியைப் பார்த்து அது மா என்று கண்டுபிடித்ததே என் மட்டில் பெரிய காரியம்.

"சரி, வாறன்," என்றாள். "ஆனால் அது வேறை ஏதும் மாவெண்டால், சித்திரை வருசப்பிறப்போடை நான் மகளிட்டைப் போயிடுவன். பிறகு நீங்கள் உங்கடை காட்டோடை இருங்கோ."

எங்கள் வீட்டில் பகிடி விடுகிற ஆள் நான் ஒருவன்தான். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் போனால் நான் பட்டினி என்பது ஒரு பக்கம். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைக்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபக்கம்தான் பயங்கரம். நான் ஒரு பகிடி சொல்ல, அதைக் கேட்டு முகத்தைச் சுளிக்க ஓர் ஆள் வேண்டும். முகம் சுளிக்க ஆளில்லாத வீட்டில் ஒரு மனிதன் எப்படிச் சீவிப்பது?

தை மாதம் குடிவந்தோம். மாரி மழை குடித்துப் பற்றைகள் எல்லாம் கொழுத்து நின்ற நேரம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றத்தைப் பார்த்தால், அந்த வீட்டுக்கு எந்தக் காலத்தில் எந்த நாட்டிலிருந்து காசு வந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் முற்றத்தில் முதலில் வந்தது சுவிஸ் காசு. அது குறோட்டன் வைத்தது. இடுப்பளவில் அடக்கமாக நிற்கவேண்டிய செடிகள், வெட்ட ஆளில்லாமல் கூரைக்கு மேலால் எட்டிப் பார்த்தன. புள்ளி, கோடு, மஞ்சள், சிவப்பு. அச்சுக்கூடத்தில் மை சரிபார்த்து எறிந்த கடதாசி மாதிரி ஓர் இலை. இதற்கு மணமும் இல்லை, காயும் இல்லை, ஆடுகூடத் தின்னாது. பிறகு லண்டன் காசு வந்திருக்கிறது. அது சீமெந்தில் அன்னங்கள் செய்து வைத்தது. அன்னத்தின் முதுகில் ஒரு குழி, குழிக்குள் பூச்செடி. பூச்செடி எப்போதோ செத்துவிட்டது. அன்னங்கள் முதுகில் மழைத்தண்ணீர் சுமந்து நுளம்பு வளர்த்துக்கொண்டிருந்தன. கடைசியாக வந்த கனடாக் காசு எல்லாவற்றையும் சுற்றிப் புல்லுப் பதித்திருக்கிறது. மிளகாயும் வெங்காயமும் விளைகிற செம்மண்ணில், கிணற்றுத் தண்ணீர் இறைத்து, மாட்டுக்கும் இல்லாமல் ஆட்டுக்கும் இல்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் புல்லு. அந்தப் புல்லை விழுங்கிப் பார்த்தீனியம் முளைத்திருந்தது. எனக்குப் பார்த்தீனியத்தின் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

மகள் என் போனில் ஒரு செயலி போட்டுத் தந்திருந்தாள். செடியைப் படமெடுத்தால் பெயர் சொல்லுமாம். முதலில் செவ்வரத்தையைக் காட்டினேன். சரியாகச் சொன்னது. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே பூச்செடி அது. அதையே அந்தச் செயலியும் தெரிந்து வைத்திருந்ததால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்தேன். இரண்டாவது படத்தில் என் பெருவிரல் விழுந்துவிட்டது. அதை இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு என்றது. மூன்றாவதாக, வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்ட, இது தென்னமெரிக்கக் காடுகளில் மட்டும் காணப்படும் அரிய தாவரம் என்றது. நான் வெட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த அரிய தாவரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மனைவி வந்து பார்த்தாள். "அது கொவ்வை. உதை என்னத்துக்கு விறைச்சுப்போய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வெட்டி விடுங்கோ."

செயலியை அழித்துவிட்டு என் சொந்த அறிவையே நம்புவதென்று முடிவு செய்தேன். அதன் பலன் அன்று பின்னேரமே கிடைத்தது. கிணற்றடிப் பாதையில் துளசி மாதிரி இலையோடு ஒன்று அடர்ந்து நின்றது. துளசியைக் கத்தியால் வெட்டக்கூடாதே என்ற பக்தியில் கையாலேயே பிடுங்கினேன். ஒரு கைப்பிடி பிடுங்கி முடிவதற்குள் கை, கழுத்து, காது எல்லாம் தீப்பிடித்த மாதிரி எரியத் தொடங்கியது.

"தம்பி, உது காஞ்சோண்டி," என்று ஒரு குரல் கேட்டது. "உதிலை கை வைக்கப்படாது."

பக்கத்து வளவுக்காரர். கிளுவை வேலிக்கு மேலால் தலை மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் அந்தத் தலை அங்கே இருந்தது என்று தெரியாது. நான் சொறிந்துகொண்டே கேட்டேன்:

"முன்னமே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"தெரிஞ்சுதான் பிடுங்கிறியள் எண்டு நினைச்சன். கொழும்பிலை இருந்து வந்தனீங்கள், படிச்ச ஆக்கள். நான் ஏன் குறுக்கை கதைப்பான்?"

மனிதர் என்னைவிட இரண்டு வயது மூப்பு. அந்த இரண்டு வயதை வைத்துக்கொண்டு, பென்சன் எடுக்கிற என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். விவசாயக் கந்தோரில் களஞ்சியப் பொறுப்பாக இருந்தவர். அதாவது உரப்பையை எண்ணி உள்ளே வைத்து, எண்ணி வெளியே கொடுத்தவர். கதைக்கிற தோரணையைப் பார்த்தால், இலங்கையில் முளைத்த எல்லாமே அவரிடம் உத்தரவு கேட்டு முளைத்தது என்று நினைப்பீர்கள். நான் எந்தச் செடியில் கத்தி வைத்தாலும் வேலிக்கு மேலால் தலை எழும்பும். "தம்பி, உது சலரோகத்துக்கு நல்லது." "தம்பி, உது வாதத்துக்கு நல்லது." "உது மூலத்துக்கு." ஒவ்வொரு செடியும் ஒரு வருத்தத்துக்கு நல்லதாக இருந்தது. அவரிடமோ அந்த வருத்தங்கள் எல்லாம் சுகப்படாமல் இருந்தன.

இவ்வளவு ஆலோசனைக்கும் அவர் கேட்ட கூலி ஒன்றுதான். "பூவரசு, கிளுவை வெட்டினால் குழையை எறியாதேங்கோ. இஞ்சாலை போடுங்கோ, ஆட்டுக்கு." ஒரு பெரிய ஆட்டுப் பட்டி வைத்திருந்தார். எங்கள் வளவின் குழை எல்லாம் வேலி தாண்டிப் போய், அங்கே புழுக்கையாகியது. ஆலோசனை மட்டும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

நான் கத்தரித்த விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த கத்தரிப்பு, வெள்ளவத்தைச் சலூனில் எனக்குச் செய்யப்படுவது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டினேன். குறோட்டன், செவ்வரத்தை, நந்தியாவட்டை, எலுமிச்சை எல்லாம் ஒரே உயரத்தில், கட்டாயப்படுத்தி வரிசையில் நிறுத்திய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எலுமிச்சை மொட்டு விட்டிருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள். பிறகு என்று சொல்வதைவிட, பிறகு பல முறை என்று சொல்லலாம்.

ஒருவழியாக மாசி பிறக்க, பாதை வெட்டிக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் மாக்கள் எல்லாம் பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றன. எங்களுடையதில் பேருக்கும் ஒரு பூ இல்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் அது ஒரு மரமாகவும் இல்லை, இரண்டாகவும் இல்லை. நிலத்துக்குக் கிட்ட இரண்டாகப் பிரிந்து, இரண்டு தண்டும் தொடை மொத்தத்தில் எழும்பி, மேலே போய் ஒன்றின் வெயிலை ஒன்று மறித்துக்கொண்டு நின்றன. ஒரே வளவில் வீடு கட்டிய அண்ணன் தம்பி மாதிரி. நடுவில் காய்ந்த சுள்ளி, மேலே ஒட்டுண்ணியாய்க் குருவிச்சை, அடியில் தென்னை ஓலையும் மட்டையும் சருகும் ஆண்டாண்டாகக் குவிந்து மக்கி முழங்கால் உயரத்துக்குப் புற்று மாதிரி ஒரு குவியல்.

"ஏன் இரண்டாய் நிக்குது?" என்று மனைவி கேட்டாள்.

பதில் வேலிக்கு மேலால் வந்தது. ஒட்டு மா என்றால் அடிப்பாதி சாதாரண நாட்டு மா, அதன்மேல் ஒட்டியதுதான் கறுத்தக்கொழும்பான். ஒட்டுக்குக் கீழே, நாட்டு மாவிலிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடவேண்டும். இங்கே ஒருவரும் கிள்ளவில்லை. ஆகவே இரண்டில் ஒன்று கறுத்தக்கொழும்பான், மற்றது நாட்டு மா. நாட்டு மாவை அடியோடு வெட்டினால் மற்றது வெயில் கண்டு பூக்கும். இவ்வளவும் சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொன்னதால் எனக்குக் கோபம் கூடியது.

"அப்ப எது கறுத்தக்கொழும்பான் அண்ணை?"

"கிணத்துப் பக்கம் நிக்கிறது. அதிலை சந்தேகமே இல்லை."

இத்தனை வருடம் காய்த்த மரத்தின் பழம் என்ன பழம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில், ஆளில்லாத வளவின் மாங்காய் பழுத்ததாக வரலாறு இல்லை. மதிலேறிப் பிஞ்சிலேயே பிடுங்கி, உப்பும் தூளும் தொட்டுத் தின்று முடித்துவிடுவார்கள். பிஞ்சில் எல்லா மாவும் புளிதான்.

அன்றிரவு மனைவியின் தம்பி கனடாவிலிருந்து கூப்பிட்டான். இருபது வயதில் போனவன். அதன்பிறகு அவன் கிட்டத்தில் நின்று பார்த்த மரம் எல்லாம் கிறிஸ்மஸ் நேரம் கடை வாசலில் விற்கிற நத்தார் மரம்தான். ஆனால் விவசாயத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. மறுநாள் காலை வீடியோவில் வந்தான். பின்னால் சன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் கம்பளித் தொப்பி.

"அத்தான், கமெராவைக் கிட்டக் கொண்டு போங்கோ. இன்னும் கிட்ட. அங்காலை திருப்புங்கோ. ஆ, கண்டுபிடிச்சிட்டன். வேலிப் பக்கம் நிக்கிறதுதான் கறுத்தக்கொழும்பான். மற்றதை வெட்டுங்கோ."

"எப்படித் தெரியும்?"

"இலையைப் பாக்கத் தெரியுதே. நான் இஞ்சை யூரியூப்பிலை எவ்வளவு பாத்திருக்கிறன்."

வேலிக்கு மேலால் தலை எழும்பியது. "தம்பி, போனிலை ஆர் கதைக்கிறது? வேலிப் பக்கமோ? அவருக்கு விசர். கிணத்துப் பக்கம்தான்."

"அத்தான், உவர் ஆர்? உரப்பை எண்ணினவர்தானே? உவரின்ரை கதையைக் கேளாதேங்கோ."

"நீ அங்கை பனியைத் தள்ளு," என்றார் தலை.

நான் போனைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றேன். ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம், ஒருவன் கடலுக்கு அந்தப் பக்கம். வெட்டப்போகிறவன் நான். வெட்டியது பிழையென்றால் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறப்போகிறவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள்தானே முன்னமே மணந்து பாத்தனீங்கள். எந்தப் பக்கத்து இலையை மணந்தனீங்கள்?"

போனிலும் சத்தமில்லை. வேலியிலும் சத்தமில்லை. இரண்டு எதிரிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"அண்டைக்கு எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்தது," என்றேன்.

அவள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வோர் இலை பிடுங்கி என் கையில் தந்தாள். "இண்டைக்குத் தடிமன் இல்லைத்தானே? மணந்து பாருங்கோ."

கசக்கி மணந்தேன். இடது கையில் மாவிலை மணந்தது. வலது கையிலும் மாவிலை மணந்தது. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, பெரிய சங்கீத வித்துவான் சுருதி பார்க்கிற மாதிரி இன்னொருமுறை மணந்தேன். வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. அவரும் வாங்கி மணந்தார். "கிணத்துப் பக்கத்திலை ஒரு கற்பூர வாசம் வருது, கவனியுங்கோ," என்றார். அவர் காலையில் கோயிலுக்குப் போய் வந்தவர். அந்த வாசம் அவருடைய விரலில் இருந்தது. "அத்தான், எனக்கு இஞ்சையே மணக்குது," என்றான் தம்பி.

இப்படியே விட்டால் வருசப்பிறப்பு வந்துவிடும். நான் மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். கனடாவை நம்புவதா, களஞ்சியத்தை நம்புவதா என்று யோசித்து, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு காலம் முழுக்க வாழவேண்டும் என்ற ஒரே தாவரவியல் காரணத்துக்காகக் களஞ்சியத்தின் பக்கம் சாய்ந்து, வேலிப் பக்கத்துத் தண்டில் வாளை வைத்தேன்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி. "ஒட்டு இருக்கிறது அடியிலை. மூண்டு ஆம்பிளையள் மேலை நிண்டு இலையை மணந்துகொண்டு நிக்கிறியள். அடியைக் கிளறிப் பாக்க ஒருத்தருக்கும் தோன்றேல்லையே?"

மண்வெட்டியால் அந்தப் புற்றை அவளே வழித்தாள். மட்டை, சருகு, மக்கின மண் எல்லாம் போக, பழைய அகப்பை ஒன்றை எடுத்துவந்து குந்தியிருந்து சுரண்டினாள். நான் போனை நீட்டிப் பிடித்தேன், கனடாவும் பார்க்கட்டும் என்று. வேலிக்காரர் முதல்முறையாகத் தலையோடு கழுத்தையும் தந்தார்.

இரண்டு தண்டும் பிரிகிற இடத்தில், நடுவில், பெருவிரல் மொத்தத்தில் ஒரு காய்ந்த கட்டை தெரிந்தது. காய்ந்து கறுத்து, விரல் நீளத்தோடு முடிந்திருந்தது. அதன் அடியில் சரிவாக ஒரு தழும்பு. தழும்பைச் சுற்றிப் பொலித்தீன் நாடாவின் ஒரு துண்டு இன்னும் மரப்பட்டைக்குள் புதைந்து கிடந்தது. அதுதான் ஒட்டு. கறுத்தக்கொழும்பான் அந்தக் காய்ந்த விரல்தான். இரண்டு தண்டும் அதற்குக் கீழே இருந்துதான் கிளம்பியிருந்தன.

அதாவது இரண்டுமே நாட்டு மா. கிணற்றுப் பக்கமும் நாட்டு மா, வேலிப் பக்கமும் நாட்டு மா. ஒரு குடும்பம் கன்றில் தண்ணீர் ஊற்றி, விபூதி பூசாத குறையாகக் கும்பிட்டு, கனடா வரை புகழ்ந்தது, வீதியோரத்தில் கொட்டை எறிந்தால் முளைக்கிற புளி மாவை. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன்.

"அத்தான், இஞ்சை நெற்வேர்க் சரியில்லை," என்று தம்பி மறைந்தான். படம் அதுவரை கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது.

வேலிக்காரர் மட்டும் மறையவில்லை. ஆனால் வாயில் ஒரு வருத்தத்தின் பெயரும் வரவில்லை. அவருடைய தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்துகொண்டு போவதை மனைவி கவனித்துவிட்டாள்.

"அண்ணை, இந்த ஒட்டை ஆரும் முறிச்சதோ?"

"முறிக்கேல்லை, பிள்ளை."

"பின்னை?"

"கடிச்சது."

"என்ன கடிச்சது?"

"ஆடு," என்றார். பிறகு அவசரமாக, "அது அந்தக் காலத்து ஆடு. இப்ப நிக்கிறதுகள் இல்லை. இதுகள் ஒரு பாவமும் அறியாதுகள்."

கதை மெல்ல வெளியே வந்தது. கன்று நட்ட புதிதில் வேலியில் ஒரு பொட்டு, சின்ன ஓட்டை, இருந்திருக்கிறது. ஆடு அதற்குள்ளால் வந்து, ஒட்டின் துளிரை அடிவரை தின்றுவிட்டு, நல்ல பிள்ளை மாதிரித் திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்காரர் அந்த நேரம் கொழும்பில் விசா அலுவலாக அலைந்திருக்கிறார். அவர் வந்து பார்க்கும்போது கன்று இரண்டு துளிர் விட்டிருந்தது. ஒன்றுக்கு இரண்டாக வந்திருக்கிறது, விசாவும் கிடைத்துவிடும் என்று சந்தோசப்பட்டிருக்கிறார்.

"அவை சந்தோசமா இருந்திச்சினம். நான் போய் ஏன் குழப்புவான்?" என்றார் வேலிக்காரர்.

"அப்ப கிணத்துப் பக்கம்தான் நல்லதெண்டு இவ்வளவு நேரமும் சத்தியம் பண்ணினீங்களே?" என்று நான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "இரண்டிலும் அது கொஞ்சம் நிமிர்ந்து நிண்டுது," என்றார்.

மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். மத்தியானச் சாப்பாடு மேசைக்கு வந்தது, அவள் வரவில்லை. உள்ளே அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் என்னிடம் இருந்த பகிடிகளை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. மணக்காத இலையை மணந்ததாகச் சொன்னவன், உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாலும் நம்ப ஆளிருக்காது. புளிக்கறியைப் பிசைந்தபடி, சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று இனிப் படிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

வெயில் தாழ அவள் வெளியே வந்தாள். சேலை மாற்றியிருந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே படலையைத் தாண்டி, ஒழுங்கையால் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன்; வேறென்ன செய்வது?

அவர்களுடைய முற்றத்தில் ஒரு மா நின்றது. உருண்டையாக, அளவாக, பூவும் பிஞ்சுமாக. அதைச் சுற்றி ஆடு கிட்டப்போக முடியாதபடி முள்ளுக்கம்பி. தன் மரத்துக்குக் கம்பி அடிக்க அவருக்கு நல்லாகவே தெரிந்திருந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ, பிள்ளை" என்றார். அவள் இருக்கவில்லை.

"அக்காவைக் கூப்பிடுங்கோ."

"அவ அடுப்படியிலை. என்னெண்டு என்னட்டைச் சொல்லுங்கோவன்."

"உங்கடை கதை காணும். அக்கா சொல்லட்டும்."

அவருடைய மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் மனைவி மரத்தைக் காட்டிக் கேட்டாள். "அக்கா, இது கறுத்தக்கொழும்பானோ? நீங்கள் திண்டு பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. எனக்கு விக்கவே விருப்பமில்லை. இவர்தான் சந்தைக்கு அனுப்பிப்போடுவார்."

"அப்ப எனக்கு ஒட்டுறதுக்கு இதிலை கொப்பு வேணும்."

வேலிக்காரர் குறுக்கிட்டார். "பிள்ளை, குழை கேளுங்கோ தாறன். ஆட்டெரு கேளுங்கோ தாறன். இது பூவும் பிஞ்சுமா நிக்குது, இதிலை கத்தி வைச்சால்..."

"உங்கடை ஆடு எங்கடை மரத்தைத் திண்டது," என்றாள் என் மனைவி.

"அந்தக் காலத்து ஆடு," என்று அவர் தொடங்க, அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் வீட்டில் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு விநாடி அந்த மனிதரின்மேல் எனக்குச் சகோதர பாசம்கூட வந்தது. "எந்த ஆடு?" என்று அக்கா கேட்டார். அக்காவிடமும் அவர் இத்தனை வருடமாகச் சொல்லியிருக்கவில்லை.

கொப்புத் தருவதாகவும், அதைத் தானே வந்து ஒட்டித் தருவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே ஒட்ட முடியாதாம். இரண்டு தண்டையும் நெஞ்சளவில் தலைவெட்டவேண்டும். வெட்டிய இடத்தில் புதுத் துளிர் வரும். அவை பென்சில் மொத்தத்துக்குத் திரண்ட பிறகு, ஒவ்வொன்றிலும் கறுத்தக்கொழும்பான் கொப்பை ஒட்டவேண்டும். ஆவணி ஆகலாம். பிடித்தால், அதன்பிறகு மூன்று நாலு வருடத்தில் காய்.

"பிடிக்காட்டி?" என்று நான் கேட்டேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றாள் மனைவி. அகப்பையைக் கீழே வைத்த பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வசனம் அது. எனக்கு அது தேவாரம் மாதிரி இருந்தது.

மறுநாள் தலை வெட்டினேன். மரத்துக்கு. வாள் நடுவில் இறுகி, நான் தொங்கி, வேலிக்காரர் வந்து ஆப்பு வைத்து, ஒருவழியாக இரண்டு உச்சியும் விழுந்தன. இந்தமுறை மட்டமாக வெட்டியதற்கு என்னை ஒருவரும் ஏசவில்லை. குழை முழுவதையும் ஆடுகளுக்குக் கொடுக்கச் சொல்லி மனைவியே சொன்னாள், கணக்கு முடியட்டுமாம். வெட்டுவாயில் சாணி பூசினாள். அன்று தொடங்கிக் காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். நான் வாளியைத் தூக்கினால் பறித்துவிடுவாள்.

பங்குனி முடிகிற நேரத்தில் வெட்டிய தண்டில் துளிர் வந்தது. செப்புக் கம்பி நிறத்தில், ஈரமாய், மடக்கிய குடை மாதிரி இலைகளோடு ஒரு கொத்து. என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. நானாகத்தான் போய்ப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான், தொடவில்லை. மணக்கவும் இல்லை. அவளோ இருந்த துளிர்களுக்குள் நல்லவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பிடித்து, பார்த்து, விட்டு, அடுத்ததைப் பிடித்தாள். நான் வெட்டுகிற விதத்துக்கும் அவள் கிள்ளுகிற விதத்துக்கும் இருந்த தூரத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வருசப்பிறப்புக்கு முந்திய கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள்; மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் வாசலில் இருந்து பத்திரிகை படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு காதைக் குசினிப் பக்கம் திருப்பினேன்.

"அம்மா, பஸ்ஸுக்குச் சீற் போடட்டோ?"

"இப்ப எப்படி வாறது? துளிர் வந்திருக்கு. தண்ணி விட ஆள் வேணும்."

"அப்பா விடுவார்தானே?"

குசினியில் தண்ணீர்க் குழாய் திறந்தது.

"கொப்பா கை வைச்சால் அது ஆவணி மட்டும் நிக்காது," என்றாள். பிறகு சட்டி ஒன்றைக் கழுவுகிற சத்தத்துக்கு மேலால், "அந்த அறையை ஆருக்கும் வாடகைக்குக் குடு பிள்ளை. சும்மா பூட்டிவைச்சு என்ன செய்யிறது?"

நான் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அது மரண அறிவித்தல் பக்கம். முழுவதையும் மிகுந்த சந்தோசத்தோடு வாசித்து முடித்தேன்.